பழைய 911 எஞ்சினுக்கு ஹெட் ஸ்டட் வாங்குவதற்கு முன்

சிங்கப்பூரின் காக்கி புக்கிட்டில் இருக்கும் என் ஒர்க்‌ஷாப்புக்குப் பழைய போர்ஷே 911 எஞ்சினைப் பிரிக்கக் கொண்டுவருபவர்களில் பலர், சிலிண்டர் ஹெட்டை எஞ்சினோடு இழுத்துப் பிடிக்கும் திருகுதண்டுகளான ஹெட் ஸ்டட்டுகளை முன்கூட்டியே வாங்கிவிடுகிறார்கள். பெட்டியைத் திறந்து பெருமையாகக் காட்டுவார்கள். சந்தையில் இருப்பதிலேயே வலுவானதாக இருக்கும், விலையும் அதற்கேற்ற மாதிரி இருக்கும். "அண்ணே, இது போதும்தானே?" என்பார்கள். நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: உங்கள் கேஸ், அதாவது ஸ்டட் திருகி நிற்கும் எஞ்சின் உடல், மெக்னீசியமா, அலுமினியமா?

இதற்குப் பதில் தெரியாமல் ஸ்டட் வாங்காதீர்கள். ஸ்டட் எவ்வளவு இழுவையைத் தாங்கும் என்று பார்ப்பதற்கு முன்னால், அது திருகி நிற்கும் மரை எவ்வளவு தாங்கும் என்று பார்க்க வேண்டும். காற்றால் குளிரும் 911 எஞ்சின்களில் ஹெட் கசிவதற்குப் பெரும்பாலும் இரண்டு காரணங்கள்: ஒன்று, கேஸில் உள்ள மரை பிடுங்கிக்கொண்டு வரும், இரண்டு, துருப்பிடித்த ஸ்டட் முறியும். நல்ல இரும்பு ஸ்டட் ஒன்று வலிமை போதாமல் அறுந்ததை நான் பார்த்ததில்லை.

கேஸ் எந்த உலோகம் என்பதை வண்டியின் ஆண்டை வைத்தே பெரும்பாலும் சொல்லிவிடலாம். தொடக்க கால 2.0 லிட்டர் எஞ்சின்களுக்கு அலுமினியக் கேஸ். 1968 முதல் 1977 வரை, 2.7 லிட்டர் உட்பட, பெரும்பாலானவை மெக்னீசியம். 1975இல் வந்த 930 டர்போவும், அதைத் தொடர்ந்த கரெரா 3.0வும் அலுமினியத்துக்குத் திரும்பின. 1978க்குப் பிறகு வந்த எஸ்சி, 3.2 கரெரா, 964, 993 எல்லாம் அலுமினியம்தான். ஆனால் நம் ஊருக்கு வந்து சேர்ந்த வண்டிகள் பல கைமாறியவை. உள்ளே இருப்பது பிறந்தபோது இருந்த எஞ்சின்தானா என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. அதனால் எஞ்சின் எண்ணைப் பார்த்து உறுதிசெய்துகொள்ளுங்கள்.

இப்போது விஷயத்தின் நடுவுக்கு வருகிறேன். ஆறு சிலிண்டர், ஒவ்வொன்றுக்கும் நான்கு ஸ்டட், மொத்தம் 24. மேல் வரிசையில் 12, கீழ் வரிசையில் 12. கேஸில் திருகப்பட்ட நீளமான ஸ்டட், சிலிண்டரின் பக்கவாட்டில் வெட்டவெளியில் போய், ஹெட்டைத் துளைத்து வெளியே வந்து நட்டில் முடிகிறது. நட்டுக்கும் கேஸுக்கும் நடுவே இறுகி நிற்பது அலுமினிய சிலிண்டரும் அலுமினிய ஹெட்டும். எஞ்சின் சூடானால் எல்லாமே நீளும், ஆனால் ஒரே அளவில் நீளாது. 100 மில்லிமீட்டர் நீள அலுமினியம் 100 டிகிரி சூடேறினால் சுமார் 0.23 மி.மீ. நீளும். அதே நீள இரும்பு ஏறக்குறைய 0.12 மி.மீ.தான் நீளும். இடையில் இருக்கும் 0.11 மி.மீ. சிறிய எண்ணாகத் தெரியலாம். ஸ்டட்டின் தண்டு 8 மி.மீ. தடிமன் என்று வைத்துக் கணக்குப் போட்டால், அந்த 0.11ஐ ஈடுகட்ட ஸ்டட் இழுபடும்போது கூடும் விசை ஒரு டன்னை ஒட்டி வரும். நட்டை நாம் இறுக்கியதற்கு மேல், எஞ்சின் சூடாகும் ஒவ்வொரு முறையும், ஒவ்வொரு ஸ்டட்டிலும் இந்த விசை ஏறி இறங்குகிறது. அதைக் கடைசியில் தாங்குவது கேஸின் மரை.

ஸ்டட்டின் தண்டை 10 மி.மீ. ஆக்கினால் என்ன ஆகும்? பரப்பளவு ஒன்றரை மடங்குக்கு மேல் கூடும். இழுபட மறுக்கும் பிடிவாதமும் அதே அளவு கூடும். ஒரு டன் ஒன்றரை டன்னுக்கு மேல் போகும். தடித்த ஸ்டட் முறியாது, சரி. அது மரையைப் பிடுங்கிவிடும். நாசி லெமாக் பொட்டலத்துக்குப் போடும் ரப்பர் வளையம் போலத்தான் ஹெட் ஸ்டட்டும்: உள்ளே இருப்பது உப்பினாலும் சுருங்கினாலும் கூடவே நீண்டு சுருங்கி, பிடியை விடாமல் வைத்திருக்க வேண்டும். அதற்காகத்தான் நல்ல ஸ்டட்டுகளின் நடுத்தண்டை முனைகளில் உள்ள மரையைவிட மெலிதாகக் கடைந்திருப்பார்கள். அந்த மெலிவைக் குறை என்று நினைத்து, ஒரே தடிமனாக இருப்பதைத் தேடிப் போகாதீர்கள்.

போர்ஷேக்காரர்களுக்கும் இந்தக் கணக்கு தெரியும். அதனால்தான் டிலவார் என்ற உலோகக் கலவையில் ஸ்டட் செய்தார்கள். நிக்கல் கலந்த அந்த எஃகு, சூட்டில் ஏறக்குறைய அலுமினியத்துக்கு நெருக்கமாகவே நீளும். காகிதத்தில் பார்த்தால் அற்புதமான தீர்வு. எஸ்சி, 3.2 எஞ்சின்களின் கீழ் வரிசையில் டிலவார் போட்டார்கள், ஏனென்றால் எக்ஸாஸ்ட் பக்கம் அங்கேதான். 930 டர்போவில் மேலும் கீழும் அதுதான். ஆனால் டிலவாரின் மேற்பரப்பில் சிறு குழிகளாக அரிப்பு தொடங்கும். இழுபட்டே இருக்கும் உலோகத்தில் குழி விழுந்தால் அங்கிருந்து விரிசல் ஓடும், ஒரு நாள் பட்டென்று முறியும். வண்டி ஓடும்போதுதான் முறியும் என்றில்லை, இரவு நிறுத்திவைத்த வண்டியில் காலைக்குள் முறிந்து கிடக்கும். பிறகு பூச்சு பூசிய டிலவார், அதற்கும் பிறகு முழு நீளத்துக்கும் மரை போட்ட டிலவார் என்று மாற்றிக்கொண்டே வந்தார்கள்.

இங்கே நம் ஊரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். சிங்கப்பூரின் சராசரி ஈரப்பதம் ஆண்டு முழுக்க 80 விழுக்காட்டுக்கு மேல். மழையில் சாலைத் தண்ணீர் தெறிப்பது நேராக எஞ்சினின் அடிப்பக்கத்தில், அதாவது வெட்டவெளியில் நிற்கும் கீழ் வரிசை ஸ்டட்டுகள் மேல். இதோடு, இந்த வயது வண்டிகளில் பல கிளாசிக் திட்டத்தில் பதிவானவை. 35 ஆண்டுக்கு மேற்பட்ட வண்டி, ஆண்டுக்கு 45 நாள் ஓட்டலாம். மீதி நாளெல்லாம் வீவக பலமாடிக் கார் நிறுத்துமிடத்தில் ஈரக் காற்றில் நிற்கும். ஓட்டுகிற நாளிலும் பாதி நேரம் பிஐஇ விரைவுச்சாலை நெரிசலில் போகிறது. குளிர்விக்கும் விசிறி எஞ்சின் வேகத்துக்கு ஏற்பத்தான் சுற்றும், அதனால் ஊர்ந்து போகும்போது காற்று குறைவு, ஹெட்டில் சூடு கூடுதல். ஈரம், நீண்ட ஓய்வு, திடீர்ச் சூடு என்று டிலவாருக்கு எவையெல்லாம் பகையோ அவை எல்லாம் இங்கே ஒன்றாகக் கிடைக்கின்றன. வறண்ட ஊரில் இருப்பவர் தன் டிலவார் ஸ்டட் நாற்பது ஆண்டாக நன்றாக இருக்கிறது என்று சொன்னால் நம்புங்கள், ஆனால் அதை உங்கள் வண்டிக்கு ஆதாரமாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

தெம்பனிஸிலிருந்து வரும் ஒரு வாடிக்கையாளரின் 3.0 எஸ்சி இதற்கு நல்ல உதாரணம். எக்ஸாஸ்ட்டில் இருந்து 'புஃப் புஃப்' என்று ஒரு சத்தம் வருகிறது, கேஸ்கட்தான் போயிருக்கும் என்று சொல்லிக்கொண்டு வந்தார். கீழ் வால்வு கவரைக் கழற்றியதும், முறிந்த ஸ்டட்டின் நுனியோடு ஒரு நட் கையில் விழுந்தது. பக்கத்துச் சிலிண்டரில் இன்னொன்றும் முறிந்திருந்தது. மேல் வரிசை இரும்பு ஸ்டட்டுகள் பன்னிரண்டும் பளபளவென்று இருந்தன. ஒரே எஞ்சின், ஒரே வயது, ஒரே வண்டி.

உங்கள் எஞ்சினில் என்ன இருக்கிறது என்று தெரியவில்லையா? ஒரு காந்தம் எடுத்துக்கொள்ளுங்கள். இரும்பு ஸ்டட்டில் ஒட்டும். டிலவாரில் ஒட்டாது.

சரி, எதை வாங்குவது? என் தீர்மானத்தைச் சொல்கிறேன்.

அலுமினியக் கேஸ், சாலையில் மட்டும் ஓடும் எஸ்சி அல்லது 3.2: கீழ் வரிசை டிலவார் பன்னிரண்டையும் எடுத்துவிட்டு, மெலிந்த தண்டுள்ள இரும்பு ஸ்டட் போடுங்கள். ஒன்று முறிந்திருந்தால் ஒன்றை மட்டும் மாற்றுவது வீண் செலவு. மீதி பதினொன்றும் அதே ஈரத்தில் அதே காலம் நின்றவை. மேல் வரிசை இரும்பு ஸ்டட்டுகளைப் பரிசோதித்து நன்றாக இருந்தால் அப்படியே விடலாம், அதில் எனக்குத் தயக்கமே கிடையாது. கண்ணாடிப் பலகையில் உருட்டினால் ஆடக் கூடாது. புது நட் கையாலேயே கடைசி வரை போக வேண்டும். பக்கத்தில் இருக்கும் ஸ்டட்டோடு நீளம் ஒத்துப்போக வேண்டும், ஏனென்றால் நீண்டது பழையபடி சுருங்காது. மேலோட்டமான துரு துடைத்தால் போகும். துடைத்த பிறகும் நகத்தில் தட்டும் குழி இருந்தால் அந்த ஸ்டட் குப்பைக்கு.

மெக்னீசியக் கேஸ்: இங்கே ஸ்டட்டுக்கு முன்னால் மரைக்குச் செலவு செய்யுங்கள். பிடுங்கியது நான்குதான் என்றாலும் 24 துளைக்கும் இன்சர்ட், அதாவது துளைக்குள் பொருத்தும் புது மரை, போட வேண்டும். கம்பிச் சுருளான ஹெலிகாயிலைவிட, டைம்-செர்ட் போன்ற கெட்டியான குழல் வகையையே நான் விரும்புகிறேன். வெளிப்பக்க மரை பெரிதாக இருப்பதால் மெக்னீசியத்தில் விசை பரவலாக இறங்கும். இதைக் கைத் துரப்பணத்தில் செய்யச் சம்மதிக்காதீர்கள். துளை அரை டிகிரி சாய்ந்தாலும் ஸ்டட்டின் மறுமுனை ஹெட்டின் துளைக்கு நேராக வராது. கேஸின் இரு பாதியையும் கழுவி, மில்லிங் மெஷினில் சமமாகக் கட்டிச் செய்யும் மிஷின் ஷாப்பைத் தேடுங்கள். எனக்கு இந்த வேலையைச் செய்துதரும் அங்கிள், சிலிண்டர் உட்காரும் முகப்பு சமமாக இருக்கிறதா என்று அளந்து பார்த்துவிட்டுத்தான் முதல் துளையையே தொடுவார். அந்த மாதிரி ஆள் கிடைத்தால் அவர் கேட்கும் கூலியைப் பேரம் பேசாமல் கொடுங்கள். இன்சர்ட் போட்ட பிறகு சாதாரண இரும்பு ஸ்டட் போதும், தடித்த ரேஸ் ஸ்டட் இந்தக் கேஸில் வேண்டவே வேண்டாம்.

டர்போ, அல்லது கம்ப்ரஷன் கூட்டிய எஞ்சின், அல்லது செப்பாங் பந்தயத் தடத்தில் அடிக்கடி ஓட்டும் வண்டி: ஏஆர்பி, சூப்பர்டெக் போன்ற நிறுவனங்களின் வலுவான ஸ்டட்டுகள் இங்கேதான் தங்கள் விலைக்குப் பதில் சொல்கின்றன. எரிப்பழுத்தம் கூடும்போது ஹெட் தூக்காமல் இருக்கக் கூடுதல் பிடி வேண்டும், அலுமினியக் கேஸின் மரை நல்ல நிலையில் இருந்தால் அதைத் தாங்கும். அப்போதும் மெலிந்த தண்டுள்ள வடிவத்தையே கேட்டு வாங்குங்கள்.

இந்த மூன்றும் காற்றால் குளிரும் எஞ்சினுக்கு மட்டும் பொருந்தும் தீர்மானங்கள். டொயோட்டா 4ஏ-ஜிஇ மாதிரி வார்ப்பிரும்பு பிளாக் இருந்தால் கதையே வேறு. வார்ப்பிரும்பின் மரை எளிதில் பிடுங்காது, அதனால் போல்ட்டை எடுத்துவிட்டு வலுவான ஸ்டட் போடுவதில் நேரடி லாபம் உண்டு.

வலிமையைக் குறிக்கும் எண்களைப் பற்றியும் தெரிந்துகொள்வது நல்லது. 8.8 என்றால் இழுவை வலிமை சுமார் 800 மெகாபாஸ்கல், அதில் பத்தில் எட்டுப் பங்கு, அதாவது 640 வரை இழுத்தாலும் விட்டவுடன் பழைய நீளத்துக்குத் திரும்பும். 10.9, 12.9 எல்லாம் இதே முறையில் படிக்க வேண்டியவை. எண் ஏற ஏற நல்லது என்று கடைக்காரர் சொல்வார். ஆனால் 12.9 அளவுக்குக் கடினமான எஃகு, ஈரத்திலும் உப்புக் காற்றிலும் விரிசல் விடும் ஆபத்து கூடியது. அதன் மேல் மின்முறையில் துத்தநாகம் பூசினால், பூசும்போது உள்ளே புகும் ஹைட்ரஜன் உலோகத்தை நொறுங்கவைக்கும். ஜாலான் புசார் வன்பொருள் கடைகளில் 12.9 திரெட் ராடு மீட்டர் கணக்கில் கிடைக்கும், அதை வெட்டி ஸ்டட் ஆக்கலாமே என்று ஒருவர் கேட்டார். கூடாது. முழு நீளமும் ஒரே தடிமன், மரையை எந்த முறையில் போட்டார்கள் என்ற விவரம் இல்லை, துருவுக்குப் பாதுகாப்பும் இல்லை.

மரை போட்ட முறையை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. மரையை வெட்டி எடுத்தால் உலோகத்தின் இழை அறுபடும், பள்ளத்தின் அடியில் விரிசலுக்கு இடம் கிடைக்கும். உருட்டி அழுத்தி எடுத்தால் இழை மரையோடு வளைந்து போகும். அதுவும் வெப்பப் பதம் முடிந்த பிறகு உருட்டியிருந்தால் சோர்வு முறிவு எளிதில் வராது. நல்ல தயாரிப்பாளர் இதைத் தன் விவரத்தாளில் எழுதியிருப்பார். எழுதாதவரிடம் கேளுங்கள், பதில் வரவில்லை என்றால் அடுத்தவரைப் பாருங்கள்.

வாங்கும்போது நட், வாஷர் எல்லாம் சேர்ந்த முழுச் செட்டாகவே வாங்குங்கள். வாஷர் கடினப்படுத்தி, இரு முகமும் சமமாகத் தேய்த்ததாக இருக்க வேண்டும், மெல்லிய வாஷர் ஹெட்டில் அமுங்கிவிட்டால் பிடியும் அதோடு குறையும். வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் விலை, அனுப்பும் செலவு, அதன் மேல் 9 விழுக்காடு ஜிஎஸ்டி என்று மூன்றையும் கூட்டிப் பார்த்துவிட்டு உள்ளூர் விலையோடு ஒப்பிடுங்கள். நம்ப முடியாத அளவுக்கு மலிவாக, பெயர் பெற்ற நிறுவனத்தின் பெட்டியில் வரும் செட்டை நான் பொருத்துவதில்லை.

அடுத்தது எண்ணெய். இதைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். எஸ்சி எஞ்சினின் ஹெட் நட்டை இறுக்க வேண்டிய அளவு 32 நியூட்டன் மீட்டர். 10 மி.மீ. மரையில், எண்ணெய் இல்லாமல் காய்ந்த நிலையில் அந்த அளவுக்கு இறுக்கினால் கிடைக்கும் பிடி சுமார் 16 கிலோநியூட்டன், ஒன்றரை டன்னுக்குச் சற்று மேல். அதே 32ஐ வழுவழுப்பான மாலி பேஸ்ட் தடவி இறுக்கினால் 26 கிலோநியூட்டனைத் தாண்டும். டார்க் ரெஞ்ச் இரண்டு முறையும் ஒரே இடத்தில்தான் 'டிக்' என்று சொல்லும். ஆகவே எந்த ஸ்டட் வாங்கினாலும், அந்தத் தயாரிப்பாளர் எந்த எண்ணெயைச் சொல்கிறாரோ அதை மட்டும் தடவி, அவர் சொல்லும் அளவுக்கு இறுக்குங்கள். ஒருவருடைய பேஸ்ட்டையும் இன்னொருவர் சொல்லும் இறுக்க அளவையும் கலக்காதீர்கள். 3.2 முதல் தொழிற்சாலையே முதலில் லேசாக இறுக்கி, பிறகு 90 டிகிரி திருப்பும் முறைக்கு மாறியதற்கும் இந்த உராய்வுப் பிரச்சினைதான் அடிப்படை. கோணத்தில் திருப்பும்போது எண்ணெயின் தாக்கம் குறைவு.

பழைய ஸ்டட்டைக் கழற்றும்போது அவசரம் கூடாது. கேஸ் மரையில் சிவப்பு லாக்டைட் பசை இருந்தால் 250 டிகிரியை ஒட்டிச் சூடு காட்டினால்தான் இளகும். அலுமினியக் கேஸில் ஸ்டட்டின் அடியில் சூடு காட்டி மெதுவாகத் திருகலாம். மெக்னீசியத்தில் திறந்த சுடர் வேண்டாம், மிஷின் ஷாப்பின் அடுப்பில் சீராகச் சூடேற்றுவதே பாதுகாப்பு. துளையிட்ட மெக்னீசியத் தூள் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றவே கூடாது, தீ இன்னும் மூர்க்கமாகும். காய்ந்த மணலும் உலோகத் தீக்கான அணைப்பானும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். பொருத்தும்போது துளையில் பழைய பசையும் எண்ணெயும் ஒரு துளிகூட இல்லாமல் சுத்தம் செய்து, கேஸுக்கு வெளியே ஸ்டட் நீட்டி நிற்கும் உயரத்தைத் தொழிற்சாலைக் கையேட்டின்படி 24க்கும் அளந்து வையுங்கள். துளையின் அடியில் முட்டும்வரை முறுக்கக் கூடாது.

எஞ்சின் கூடி ஓடத் தொடங்கியதும், முதல் 1,000 கிலோமீட்டரில் வால்வு இடைவெளி பார்ப்பீர்கள் இல்லையா, அப்போது கீழ் வால்வு கவர் திறந்திருக்கும். எட்டுகிற ஹெட் நட்டுகளை விரலால் அசைத்துப் பாருங்கள். ரெஞ்சைப் போட்டு மேலும் இறுக்க வேண்டாம், தளர்ந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதும். கிளாசிக் திட்ட வண்டிக்குக் கிலோமீட்டர் கணக்கு எளிதில் நிறையாது. அதனால் ஆண்டுக்கு ஒரு முறை, சாலை வரி புதுப்பிக்கும் மாதத்தில் இந்த வேலையை வைத்துக்கொள்ளச் சொல்லி என் வாடிக்கையாளர்களிடம் சொல்லியிருக்கிறேன்.